ஸ்லோ நிற்காத வண்டி

வருஷக்கணக்கில் கிடந்த வண்டியை எடுத்து ஓட்டிக் காட்டும் வீடியோக்களை நானும் நிறையப் பார்க்கிறேன். எல்லாமே ஒரே இடத்தில் முடிந்துவிடும். கழுவுவார்கள், பிளக் மாற்றுவார்கள், கிக் அடிப்பார்கள், குபீரென்று புகை வரும், சுற்றி நிற்பவர்கள் கூச்சல் போடுவார்கள், அவ்வளவுதான். அந்த வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடான பிறகு என்ன ஆனது, ஆக்சிலேட்டரை விட்டதும் அடங்கியதா, ரயில்வே கேட்டில் நிறுத்தினால் அணைந்ததா என்று யாரும் காட்டுவதில்லை. பிளக்கில் பொறியும் சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோலும் இருந்தால் எந்த இன்ஜினும் ஒருமுறை வெடித்துக் காட்டிவிடும். என்னைக் கேட்டால் வேலையே அதற்கப்புறம்தான். எங்கள் மாமாவிடம் இருப்பது மேக்ஸ் 100, டிவிஎஸ்-சுசுகி காலத்து இரண்டு ஸ்ட்ரோக் பைக். அது ஸ்டார்ட் ஆனது மாசி மாசத்தில். அது ஒழுங்காக ஓட ஆரம்பித்தபோது ஆடி வந்துவிட்டது. நடுவில் எத்தனை பேர் எத்தனை தீர்ப்பு சொன்னார்கள், ஏன் அத்தனை பேரும் ஒரே பொருளைக் கழற்றினார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் புளி வியாபாரம். அவர் பிழைப்பில் பாதி வண்டி மேல்தான் நடந்தது. ரோட்டோரப் புளிய மரங்களை ஏலம் விடுவதற்கு முன்னால் மரம் மரமாகப் போய்ப் பார்க்க வேண்டும். எந்தக் கிளையில் பிஞ்சு நின்றிருக்கிறது, எதில் உதிர்ந்துவிட்டது, இந்த வரிசைக்கு எத்தனை மூட்டை தேறும் என்று அண்ணாந்தபடியே மனக்கணக்குப் போட வேண்டும். அதற்கு அணையாமல் முதல் கியரிலேயே ஊர்கிற வண்டி வேண்டும். போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை, பர்கூர் என்று அவர் சுற்றிய ரோடுகளில் மேக்ஸ் அப்படித்தான் ஊர்ந்தது. பிறகு ரோடுகள் அகலமாயின, மரங்கள் போயின, மாமாவும் விவசாயிகளிடம் நேரடியாகப் புளி எடுக்க ஆரம்பித்தார். மூட்டை ஏற்ற மினி லாரி வந்தது. மேக்ஸ் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் போனது. விற்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கேட்டால், "இருக்கட்டும் மாப்ள, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார். நம்பர் பிளேட்டில் இன்னும் டிஎன் 29 இருக்கிறது. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் தர்மபுரியில் பதிவு செய்த வண்டி.

புளி கெடுத்ததும் புளி துலக்கியதும்

புளிக் குடோனைவிட மோசமான இடம் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிடைப்பது கஷ்டம். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. கெடாமல் இருக்க உப்பு வேறு சேர்க்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினின் அலுமினியம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. ஹேண்டில் பாரில் குரோமியம் பக்குப் பக்காக உரிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் புளியங்கொட்டை கொட்டியது. ஏதோ ஒரு எலி ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கிழித்து மெத்தை போட்டு, அதற்குள் கொட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. சில கொட்டைகளில் பழுப்புத் தோலைக் கடித்து நீக்கிவிட்டு வெள்ளைப் பருப்பில் இரண்டு பல் தடம் மட்டும் விட்டிருந்தது. சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்தால் அதிலும் கொட்டை. அத்தை முறம் கொண்டுவந்து வாரிக்கொண்டு, "தாயம் ஆட ஆகும்" என்று போய்விட்டார்.

கிக்கர் இறங்கவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கிக்கர் மேல் ஏறி நின்று மிதிக்கத்தான் எல்லோருக்கும் கால் வரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் போர் என்கிற சிலிண்டரின் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கும்போது அப்படி மிதித்தால் ரிங் உடையலாம், கிக்கர் ஷாஃப்டே போகலாம். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும், பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயிலும் சேர்த்து ஊற்றி ஊற விட்டோம். அப்புறம் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். டாப் கியரில்தான் சக்கரத்தில் கொடுக்கும் பலம், பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்குக்கு அதிகமாகப் போய்ச் சேரும். ஒரு கட்டத்தில் 'டக்' என்று விட்டுக் கொடுத்தது. ஹெட்டையும் போரையும் தூக்கிப் பார்த்தபோது, பிஸ்டன் நின்றிருந்த இடத்தில் ஒரு மெல்லிய துருக் கோடு மட்டும். லேத் பட்டறையில் போரின் உள்சுவரைத் தேய்த்து ஹோனிங் போட்டுக் கொடுத்தார்கள். பழைய பிஸ்டனே போதும் என்றார்கள், ரிங் மட்டும் புதுசு.

பெட்ரோல் டேங்க்தான் வேடிக்கை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண். பொடி ஜல்லி போட்டுக் குலுக்கலாம், ஆசிட் ஊற்றலாம் என்று ஆளுக்கொரு யோசனை. மாமா பேசாமல் உள்ளே போய்ப் பழைய புளியைக் கரைத்து ஒரு குடம் கொண்டுவந்தார். "பித்தளை அண்டாவுக்கு ஆகும்னா இதுக்கு ஆகாதா?" ஆனது. புளியிலிருக்கிற அமிலம் இரும்புத் துருவைக் கரைக்கும். மெதுவாகக் கரைக்கும் என்பதால் நல்ல தகட்டை அரிக்காமல் நிறுத்திக்கொள்ள நமக்கு நேரமும் கிடைக்கும். ஊறவைத்துக் குலுக்கிக் கொட்டிய தண்ணீர் மை நிறத்தில் வந்தது. மறுபடி புதுக் கரைசல். கடைசியில் அமிலத்தை முறிக்க ஆப்ப சோடாத் தண்ணீர், நல்ல வெயிலில் உலர்த்தல், உள்ளே 2டி ஆயில் ஊற்றி நாலாபுறமும் உருட்டல். இந்த வண்டியைத் துரு தின்ன வைத்ததும் புளிதான், துருவை எடுத்ததும் புளிதான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சைலன்சர் பஃபிளில் படிந்திருந்த கரியை விறகடுப்பில் போட்டுச் சுட்டெடுத்தோம். ரப்பர் டியூபுகள் எல்லாம் புதுசு.

வண்டி ஸ்டார்ட் ஆனது. புகை, கூட்டம், எலுமிச்சம்பழம் எல்லாம் வழக்கம்போல. அதைப் பற்றி வேறென்ன சொல்ல?

எல்லாப் பழியும் கார்புரேட்டர் மேல்

குளிர்ந்த இன்ஜினில் தகராறே இல்லை. சோக் போட்டுக் கிக் அடித்தால் பிடித்துக்கொள்ளும். தென்பெண்ணைப் பாலம் வரை போய்ச் சூடானதும் ஆட்டம் ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை முழுசாக விட்ட பிறகும் இன்ஜின் இறங்காது, 'ஙொய்' என்று ரேஸ் ஆகியபடியே நிற்கும். பிறகு தானாக இறங்கும், இறங்கிய வேகத்திலேயே அணைந்துவிடும். ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று வைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றினால் ரேஸ், இறக்கினால் ஆஃப். நடுவில் நிற்க ஒரு இடம் கிடையாது. மெக்கானிக்குகள் இதை "ஸ்லோ நிக்கல" என்பார்கள். வண்டி ஓடும், எழுபதில்கூடப் போகும். நின்றால்தான் பிரச்சினை.

இதைச் சொன்னதும் எந்தக் கடையிலும் கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்குத்தான் போனது. ஒருவர் கழற்றி, பெட்ரோலை அளந்து விடுகிற பொடி ஓட்டையான ஜெட்டை ஊதி மாட்டினார். இன்னொருவர் உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோட்டின் உயரத்தை மாற்றினார். அடுத்தவர் மெயின் ஜெட்டையே பெரிசாக்கினார். வேறொரு கடையில் கார்புரேட்டரை மாற்றச் சொல்லி, ஒரு டூப்ளிகேட்டை மாட்டியும் காட்டினார்கள். அதிலும் அதே ஆட்டம்தான். ஒவ்வொரு முறையும் கடை வாசலில் ஸ்லோ நின்றது. ஏனென்றால் கழற்றி மாட்டும் நேரத்தில் இன்ஜின் ஆறியிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் பழைய குணம் திரும்பிவிடும். எந்தக் கடைக்காரரும் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரவருக்குத் தெரிந்ததை நேர்மையாகத்தான் செய்தார்கள். ஆனால் எனக்கு அங்கே ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு போல்ட்டை விட்டால் கார்புரேட்டர் கையோடு வந்துவிடும். திறந்தால் உள்ளே கொஞ்சம் அழுக்காவது இருக்கும், அதைக் காட்டி "பாத்தீங்களா" என்று சொல்லலாம். துடைத்து மாட்டினால் வேலை செய்த மாதிரியும் இருக்கும். கைக்கு எட்டுகிற இடத்தில், காட்டுவதற்கு ஒரு அழுக்கோடு இருப்பதுதான் அதன் குற்றமோ என்று நினைக்க ஆரம்பித்தேன்.

கார்புரேட்டருக்கு அடுத்தபடியாகப் பழி விழுந்தது பெட்ரோல் மேல். "இப்ப வர்ற பெட்ரோலே அப்படித்தாங்க." இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளில் வர ஆரம்பித்து, இப்போது அதுதான் எங்கும். எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு பங்கு சுத்தமான பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட் வழியாக இந்தக் கலவை போகும்போது, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகக் காற்று போய்ச் சேர்கிறது. கலவை மெலிகிறது. போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். எல்லாம் சரி. ஆனால் பெட்ரோலால் வரும் மெலிவு எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். காலையில் நல்ல பிள்ளையாகவும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பேயாகவும் அது மாறாது. சூடானால் ஒரு மாதிரி, ஆறினால் ஒரு மாதிரி, ஒரே ஸ்க்ரூ நிலையில் ஒருமுறை ரேஸ் ஒருமுறை ஆஃப் என்றால், அளவு தெரியாத காற்று வேறெங்கோ வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

சூடாக ரேஸ் ஆகும்போது சோக்கைப் பாதி இழுத்தால் இன்ஜின் அடங்குவதைக் கவனித்தேன். சோக் இழுத்தால் பெட்ரோல் கூடும். பெட்ரோல் கூடியதும் அடங்குகிறது என்றால் அதற்கு முன் காற்று அதிகம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபிப் பொடி நிறம் இருக்க வேண்டிய இடம் வெளிறிச் சுண்ணாம்பாக இருந்தது. இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடு கலந்துதான். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் குறைவு, எண்ணெயும் குறைவு. அந்த நேரத்தில் இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றினால், சூடும் ஏறி எண்ணெயும் இல்லாமல் மறுபடி பிஸ்டன் பிடிக்கும். ராயக்கோட்டை பக்கம் இறக்கத்தில் ஒருமுறை சாவியை அணைத்துத்தான் அடக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் புது ரிங் நினைவுதான் எனக்கு.

பாய் கார்புரேட்டரைத் தொடவே இல்லை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் எப்போதும் டிவிஎஸ் மொபெட்டான எக்ஸ்எல் சூப்பர்கள் நிற்கும். பால் கேன் கட்டியது, தக்காளிக் கூடை கட்டியது, துணி மூட்டை கட்டியது என்று எல்லாம் வேலை வண்டிகள். அவர் பெயரைச் சொன்னதே மாமாதான். "அவரு எக்ஸ்எல்-காரராச்சே, நம்ம வண்டிய எடுப்பாரா?" என்று நான் இழுத்தேன். மாமா கேட்கவில்லை. அந்த எக்ஸ்எல்தான் காரணம் என்று பிறகு புரிந்தது. 2000-க்குப் பிறகு புகை விதிகள் இறுக இறுக, இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாகக் கடையை விட்டுப் போயின. இன்றைக்கு முப்பது வயதில் ஸ்பேனர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக்கில் தொழில் பழகியவர்கள். மொபெட்டில் மட்டும் இரண்டு ஸ்ட்ரோக் விடாமல் ஓடியது. நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்ததே 2015-ல்தான். அதனால் எக்ஸ்எல் பார்க்கிற கையில் அந்தப் பழைய அறிவு இன்னும் சூடாக இருக்கிறது.

பாய் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுத் தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். சூடாகும்வரை அசையவில்லை. ரேஸ் ஆனது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"கியர் ஆயில் குறையுதா தம்பி?"

"இல்ல பாய்."

"வெள்ளப் புகை நிறைய கக்குதா?"

"ஆரம்பத்துல வந்துச்சு, இப்ப இல்ல."

"அப்ப அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்" என்று இன்ஜினின் இடது பக்கக் கவரைத் தட்டினார்.

கவரைக் கழற்றினார். கிராங்க் முனையில் சுற்றிப் பொறிக்கு மின்சாரம் தருகிற மேக்னட் தெரிந்தது. மெல்லிய குழாய் வைத்த டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே டப்பாவை எடுத்து, சுற்றுகிற மேக்னட்டுக்குப் பின்னால் ஒரு சொட்டு பீய்ச்சினார். கத்திக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சுருதி இறங்கித் திணறியது. இரண்டு மூச்சு கழித்து மறுபடி கத்த ஆரம்பித்தது. மறுபடி பீய்ச்சினார், மறுபடி இறங்கியது. என் கையில் டப்பாவைக் கொடுத்து, "நீயே அடி" என்றார். அடித்தேன். இறங்கியது. கார்புரேட்டர் இருப்பது அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, இன்ஜினுக்குப் பின்னால். மேக்னட் பக்கம் பீய்ச்சிய எண்ணெயை இன்ஜின் குடிக்கிறது என்றால் அங்கே அது மூச்சு விடுகிறது. இத்தனை மாசம் எல்லோரும் திறந்து திறந்து மூடிய பொருளுக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிய ஒரு சொட்டு போதுமாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது.

நாலு ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றுகிற அறையின் வேலை எண்ணெயைப் பிடித்து வைப்பது. இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்த அறைதான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழறையில் வெற்றிடம் உண்டாகி, ரீட் வால்வு வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது அது அமுங்கி, பக்கவாட்டு வழிகளில் ஏறி, பிஸ்டனுக்கு மேலே போய்ச் சேரும். கொல்லன் துருத்தியில் ஒரு கிழிசல் இருந்தால் உலையில் நெருப்பு எப்படி ஏறி இறங்குமோ அப்படித்தான் அந்த அறையில் ஒரு சந்து இருந்தாலும். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு பக்கமும் வெளியே வருகிற இடத்தில் ஆளுக்கொரு ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. கிளட்ச் பக்க சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை வரும். அதனால்தான் பாய் கேட்ட கேள்விகள். மேக்னட் பக்கம் போனால் உறிஞ்ச அங்கே எண்ணெய் கிடையாது, வெறும் காற்று. எதுவும் வெளியே ஒழுகாது, தரையில் ஒரு சொட்டு விழாது. சீல் போனால் எண்ணெய் ஒழுகும் என்று பழகிய கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

மேக்னட்டைக் கழற்றுவது சும்மா வேலை இல்லை. நட்டை விட்டபின் அதற்கென்றே உள்ள புல்லரைத் திருகி ஏற்றி, நடு போல்ட்டை இறுக்கி, மேலே சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால்தான் ஷாஃப்டை விட்டு வரும். பாய் மேக்னட்டை ஷாஃப்டில் சரியான நிலையில் பிடித்து வைக்கிற குட்டிச் சாவியை முதலில் எடுத்து நெருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அது தொலைந்தால் பொறி விழும் டைமிங்கே போச்சு. காயில் தட்டை எடுத்ததும் சீல் தெரிந்தது. அதைச் சுற்றி மட்டும் மசி போட்டதுபோல் எண்ணெய்த் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த புழுதி. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் உதட்டை வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை, விளிம்பு சில்லாக உதிர்ந்தது. உள்ளே உதட்டை அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங் வளையம் இருக்கும். அது துருவேறி ஒரு இடத்தில் அறுந்திருந்தது. ஷாஃப்டிலும் சீல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு துரு வளையம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது, முதல்முறை சுற்றியபோது உதடு கிழிந்திருக்கிறது என்றார் பாய். ஆறியிருக்கும்போது 2டி எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சந்தை ஓரளவு அடைத்துக்கொள்ளும். சூட்டில் அது இளகியதும் காற்றுக்கு வழி. காலையில் நல்ல பிள்ளையாக இருந்ததன் ரகசியம் அதுதான்.

சீல் வாங்க எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஆயில் சீலின் முதுகில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், எந்த வண்டி என்றுகூடக் கேட்க மாட்டார்கள். சூட்டையும் எத்தனாலையும் தாங்க 'விட்டான்' (Viton) என்கிற ரப்பரில் கேள் என்று பாய் சொல்லி அனுப்பினார். இன்ஜின் மூட்டுகளுக்கு நடுவே வைக்கிற பேக்கிங் செட்டுக்குத்தான் பெங்களூர் ஜே.சி. ரோடு வரை போக வேண்டியிருந்தது. ஓசூரைத் தாண்டித்தான் போனேன். அந்த வண்டி செய்யப்பட்டதே ஓசூரில். 1980-ல் டிவிஎஸ் 50 வந்த அதே ஓசூர், 1984-ல் சுசுகியோடு சேர்ந்து 100 சிசி பைக் வெளிவந்த அதே ஓசூர். 2001-ல் இரண்டு கம்பெனிகளும் பிரிந்தன. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பிறந்த வண்டிக்கு அடுத்த மாநிலத்துக் கடையில் பேக்கிங் தேடுகிறோமே என்று பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். கடைக்காரர் கவரை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, வண்டியை விற்கிறதா என்று கேட்டார். பெங்களூரில் பழைய இரண்டு ஸ்ட்ரோக்குக்கு இப்போது கிராக்கி. பெயிண்ட், குரோமியம், ஸ்டிக்கர் எல்லாம் புதுசாகப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். பெயிண்ட் அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கிராங்க் சீலை மாற்றிவிட்டு அடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

பாய் ஷாஃப்டின் துரு வளையத்தை எண்ணெய் தொட்ட மெல்லிய எமரித் தாளால், நூல் சுற்றுவதுபோல் வளைத்து இழுத்து இழுத்து வழவழப்பாக்கினார். புதுச் சீலின் உதட்டில் விரலால் எண்ணெய் தடவினார். காய்ந்த சீலை ஷாஃப்டில் ஏற்றினால் முதல் சுற்றிலேயே கிழியும். ஒரு பழைய பேரிங்கின் வெளி வளையத்தை அதன்மேல் வைத்து, நாலு பக்கமும் சமமாகத் தட்டி உட்கார வைத்தார். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர் அப்புறம்தான் கார்புரேட்டரைக் கழற்றினார். யாரோ போட்ட பெரிய ஜெட்டை எடுத்துவிட்டுப் பழைய அளவையே போட்டார். இப்போதைய பெட்ரோலுக்காக, அது கொஞ்சம் கூடப் போகும்படி நீடிலை மட்டும் ஒரு காடி உயர்த்தினார். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்தார். சூடாகும்வரை பொறுத்து, ஸ்லோ ஸ்க்ரூவை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். இறங்கி இறங்கி, ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம் என்கிற அளவுக்கு வந்து நின்றது. டப்பாவை மறுபடி எடுத்து மேக்னட்டுக்குப் பின்னால் பீய்ச்சினார். சத்தம் மாறவில்லை.

"எடுத்துட்டுப் போ. யார் கிட்டயும் கார்பரேட்டர திறக்கக் குடுக்காத" என்றார். கூலி கேட்டதைவிடக் கூடவே கொடுத்தேன். புல்லர் போட்ட வேலைக்கு அது நியாயம்.

கொஞ்ச நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காபி நிறம் வந்திருந்தது. மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு மத்தூர் ரோட்டுப் பக்கம் போனார். அங்கே இன்னும் கொஞ்சம் புளிய மரங்கள் மிச்சம் இருக்கின்றன. வெறும் மரம் பார்க்கத்தான், ஏலமெல்லாம் இல்லை. முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே ஊர்கிறது என்று சொல்வார் என எதிர்பார்த்து வாசலில் நின்றேன். "முன் பிரேக் சுத்தமா இல்ல மாப்ள, ஹாரனும் அடிக்கல, இத வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டறது?" என்று திட்டிக்கொண்டே இறங்கினார். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அணைக்கப்படாமல் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. நான்தான் போய் சாவியைத் திருப்பினேன்.

முன் பிரேக் கேபிளும் ஷூவும் மாற்றியாகிவிட்டது. இன்னொரு பக்கத்து சீலும் அதே வயசுதான் என்பதால் மாசம் ஒருமுறை கியர் ஆயிலை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் பாய். இதுவரை குறையவில்லை. அந்த சீலையும் சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன். குறைய ஆரம்பித்ததும் வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும். கிளட்ச்சைக் கழற்றுகிற வேலை என்பதால் வாசலில் எக்ஸ்எல் குறைவாக நிற்கிற நாளாகப் பார்த்து வா என்றிருக்கிறார்.